இடது முன்னங்கால்

கோச்சடையில் நான் பதினொரு மாதம் குடியிருந்தேன். 1937ஆம் வருஷம், தை முதல் கார்த்திகை வரை. வைகைக் கரையை ஒட்டிய கடைசித் தெரு. என் அறைக்கும் விருமாண்டியின் லாயத்துக்கும் நடுவில் ஒரு மண்சுவர். அதன் தலைப்பகுதி மழையில் கரைந்து போயிருந்தது. குதிரை மூச்சு விடுவது என் கட்டிலுக்குக் கேட்கும்.

எனக்குக் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. தவளை அறுத்துக் காட்டுவது, எலும்புகளுக்குச் சீட்டு ஒட்டுவது. எங்கள் வீடு நகரத்துக்குள், தெற்கு மாசி வீதிப் பக்கம். சௌராஷ்டிரக் குடும்பம், சாயப்பட்டறை. முந்தின ஐப்பசியில் என் மனைவி ராதாமணி காய்ச்சலில் இறந்துபோனாள். நாலு நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அது தாங்காமல் இங்கே வந்தேன்.

விருமாண்டி குரலைத் தாழ்த்துகிற ஆள் இல்லை. குதிரை வண்டிக்காரர். நாற்பது வயது இருக்கும். தினமும் என்னைக் கல்லூரியில் கொண்டுபோய் விடுவார். வண்டியை இழுத்தது ஒரு வெள்ளைக் கிழட்டுக் குதிரை. பெயரே கிழவி. அதன் குட்டிதான் செவலை. அப்போது அதற்கு மூன்று வயது நிறையவில்லை.

செவலை பிறந்தபோது கிழவிக்குப் பால் வற்றிவிட்டதாம். விருமாண்டியின் மனைவி அன்னக்கொடிதான் ஆட்டுப்பால் ஊற்றி வளர்த்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. செவலை அவளுடைய முந்தானையைக் கவ்வி இழுக்கும். தண்ணீர்ப் பானையை மூக்கால் தள்ளிக் கவிழ்க்கும். அவள் வைவாள். அது காதை மடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கும்.

ஆனி மாதக் கடைசியில் ஊர்ப் பொங்கலை ஒட்டிக் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். கோச்சடையிலிருந்து துவரிமான் வரை போய்த் திரும்ப வேண்டும். அந்த வருஷம் மேற்கேயிருந்து ஒரு ஜமீன்தார் பந்தயத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. முதலில் வரும் குதிரையைத் தன் லாயத்துக்கு எடுத்துக்கொள்வார், ஓட்டியவனையும் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்வார், குடியிருக்க வீடு உண்டு என்று சொல்லியனுப்பியிருந்தார். அன்னக்கொடி அதை என்னிடம் சொன்ன விதம் வேறு.

"கிழவி இன்னும் எம்புட்டு நாளைக்கு இழுக்கும்? அது விழுந்தா செவலையைத்தான் வண்டியில பூட்டணும். பூட்டுனா ஏழு வருசம், எட்டு வருசம். அம்புட்டுத்தான் அதுக்கு ஆயுசு. நாலு ஆளு ஏறுற வண்டியில எட்டு ஆளு ஏறுவாக. ஜமீன்ல போயிட்டா நிழல்ல நிக்கும். நாங்களும் அதோடயே போயிருவோம்."

அவ்வளவுதான் விஷயம். செவலை ஜெயித்தால் மூன்று பேரும் சேர்ந்து போவார்கள். தோற்றால் அது வண்டியில் பூட்டப்படும்.

விருமாண்டி சின்ன வயதில் மதராஸில் கிண்டி பந்தய லாயத்தில் எட்டு வருஷம் குதிரைக்காரராக இருந்தவர். குதிரை பழக்குவதில் அவரிடம் ஒரு முறை இருந்தது. மற்ற வண்டிக்காரர்கள் பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்னால் கொள்ளு அதிகமாகப் போட்டு, ரோட்டில் நாலு தடவை விரட்டுவார்கள். இவர் மாசி மாதமே தொடங்கிவிட்டார்.

வைகையில் தண்ணீர் இல்லை. கரையிலிருந்து கரை வரை மணல். விடியும் முன் செவலையை ஆற்றில் இறக்குவார். லாடம் கழற்றியாகிவிட்டது. முதல் மாதம் வெறும் நடை. மணலில் கால் கணுவரை புதையும். ஒவ்வொரு அடிக்கும் காலை இழுத்து எடுக்க வேண்டும். இரண்டாவது மாதம் துள்ளுநடை. மூன்றாவது மாதம் துவரிமான் வரை போய் வருவார்கள். விருமாண்டி கரையோரம் கூடவே ஓடுவார்.

அவருடைய மைத்துனர் மலையாண்டி செல்லூரில் இருந்தார். அன்னக்கொடிக்கு அண்ணன். அவரும் வண்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கரையில் உட்கார்ந்து பீடி குடித்தபடி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்.

"மாப்ள, குதிரை ஓடுதா, நீ ஓடுறியா? பந்தயத்துல யாரை வண்டியில பூட்டப் போற?"

"மச்சான், இது கிண்டிப் பழக்கம். ஒமக்கு வெளங்காது."

"அப்பன் யாருன்னு தெரியாத பய. அதுக்குக் கிண்டிப் பழக்கமாம். ரோட்டுல ஓடுற குதிரைக்கு ரோட்டுலதானப்பா பழக்கணும்?"

"ரோட்டுல பழக்குனா காலு செத்துப் போகும். மணலு தாயி மாதிரி. காலை ஒண்ணும் செய்யாது."

"தாயி மாதிரின்னா சரி. மாமியா வீட்டுக்குப் போறப்ப என்னா செய்யும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் விருமாண்டி என் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டது. "வாத்தியாரே, கிண்டியில வெள்ளைக்கார டாக்டரு குதிரை தாடைக்குக் கீழ விரலை வச்சு எண்ணுவாரு. உங்களுக்கு முடியுமா?" என்று கேட்டார். தாடை எலும்பின் ஓரத்தில் ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது. விரலை வைத்தால் துடிப்பு தெரியும். அன்றிலிருந்து காலையும் மாலையும் அது என் வேலை ஆயிற்று. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன்.

மாசியில் நின்ற நிலையில் நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு. சித்திரையில் முப்பத்தாறு. வைகாசி முடிவில் முப்பத்திரண்டு. இதயம் பெருத்து, ஒரு அடிக்கு அதிக ரத்தம் தள்ளத் தொடங்கியிருந்தது. வேர்வையும் மாறியது. முதலில் சோப்பு நுரை மாதிரி கெட்டியாக, வெள்ளையாக வழியும், நாறும். பிறகு தண்ணீர் மாதிரி ஆயிற்று. தொங்கிய வயிறு ஏறிக்கொண்டது. கடைசி இரண்டு விலா எலும்புகள் மட்டும் தோலுக்கடியில் தெரிந்தன. தொடையில் சதை கயிறு கயிறாகப் பிரிந்தது. துவரிமான் போய் வந்தால் முன்பு அரைமணி நேரம் மூக்கு விடைத்தபடி நிற்கும். இப்போது நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் மூச்சு அடங்கிவிடும்.

விருமாண்டி வைக்கோல் பிரியால் உடம்பைத் தேய்ப்பார். அன்னக்கொடி அடுப்பில் கொள்ளு வேகவைப்பாள். கொள்ளு குதிரைக்கு. வடித்த தண்ணீரில் புளியும் மிளகும் பூண்டும் போட்டு ரசம் வைப்பாள். அது எங்களுக்கு. எனக்கும் ஒரு கிண்ணம் சுவர் மேல் வைப்பாள்.

"வாத்தியாரு வீட்டுல தெரிஞ்சா தீட்டுன்னு தண்ணி தெளிப்பாக," என்றார் மலையாண்டி.

"கொள்ளு குதிரைக்கு. தண்ணிதான் வாத்தியாருக்கு. குதிரை எச்சியில என்னா தீட்டு?" என்றாள் அவள்.

ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பங்குனிக்குப் பிறகு செவலை முந்தானையைக் கவ்வவில்லை. பானையைத் தள்ளவில்லை. தீனி தின்றது, நின்றது, நேரே பார்த்தது. "வெளையாட்டுப் போயிருச்சுங்கய்யா. பெரிய மனுசன் மாதிரி நிக்கிது," என்றாள்.

"அதுதாண்டி பழக்கம்," என்றார் விருமாண்டி.

எனக்கு ஒன்று தெரியும். எலும்பு கல் இல்லை. அதன்மேல் விழும் அடிக்குத் தக்கபடி அது மாறிக்கொண்டே இருக்கிறது. கடினமான தரையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடினால் முன்னங்கால் எலும்பின் முன்பக்கம் தடிக்கும். மெத்தென்ற தரையில் ஓடினால் அந்த வேலை நடக்காது. மூச்சு ஆறு வாரத்தில் பழகும். சதைக்கு இரண்டு மூன்று மாதம். எலும்புக்கு அதைவிட அதிக நாள் வேண்டும். அதிலும், புதிய அடி விழத் தொடங்கும்போது எலும்பு முதலில் தன்னைக் கொஞ்சம் அரித்துக்கொண்டுதான் பிறகு கட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியில் அது பழையதைவிட பலவீனமாக இருக்கும். பி.ஏ. பரீட்சையில் இதற்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். எங்கள் கல்லூரி அலமாரியில் ஒரு குதிரையின் முன்னங்கால் எலும்பு இருந்தது. அதற்குச் சீட்டு ஒட்டியவன் நான். நாலு மாதம் மணலில் ஓடிய குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. அந்த நாட்களில் நான் எதையும் எதோடும் சேர்த்து நினைக்கவில்லை. எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன்.

ஆனியில், பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, விருமாண்டி செவலைக்கு லாடம் அடித்து ரோட்டில் இறக்கினார். கப்பிக் கல் ரோடு. "ரோட்டுப் பழக்கம் கொஞ்சம் வேணும்ல," என்றார். செவலை பறந்தது. மணலில் இழுத்து இழுத்து எடுத்த கால் கல்லில் லேசாகிவிட்டது. மூச்சு இருந்தது. சதை இருந்தது. அது ஓட விரும்பியது. இவரும் விட்டார். தினமும் விட்டார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. மலையாண்டிகூட பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"மாப்ள, பய சூட்டுல இருக்கான்டா," என்றார்.

வண்டிக்காரர்கள் பேச்சில் அது பெரிய வார்த்தை. குதிரை சூட்டில் இருக்கிறது என்றால் ஓடத் துடிக்கிறது, பந்தயத்துக்குத் தயார் என்று அர்த்தம். அந்தப் பன்னிரண்டு நாளும் தெருவில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். "என்னா, சூட்டுல இருக்கா?"

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து நடந்தே வந்தேன். விருமாண்டி பந்தய வண்டிக்குச் சக்கரம் வாங்கச் செல்லூர் போயிருந்தார். வழியில் கருத்தக்கண்ணன் வேளாரின் களம். ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை செய்கிறவர். களத்தில் மண் கால்கள் நாலு நாலாக வெயிலில் நின்றன. உடம்பு இல்லை.

லாயத்தில் அன்னக்கொடி இருந்தாள். நான் செவலையின் தாடைக்குக் கீழே விரலை வைத்து எண்ணினேன். நாற்பது. நோட்டில் முந்தின நாள் முப்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். நாற்பதுதான். செவலை இடது முன்னங்காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்திருந்தது. குனிந்து முழங்காலுக்குக் கீழே, எலும்பின் முன்பக்கம் கை வைத்தேன். பிறகு வலது காலில் வைத்தேன். மறுபடி இடது. இடது கால் சுட்டது. லேசாக அழுத்தினேன். அது காலை உதறிக்கொண்டது.

போன ஐப்பசியில் இன்னொரு நெற்றியில் இதே கையை வைத்திருந்தேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன்.

நிமிர்ந்து அன்னக்கொடியிடம் சொன்னேன்: "இடது முன்னங்கால்ல சூடு இருக்கு. அவர் வந்ததும் சொல்லிடுங்க."

"சொல்லிடுறேங்கய்யா," என்றாள். முகம் மலர்ந்திருந்தது. அதைக் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் விருமாண்டி வந்தார். மலையாண்டியும் கூட வந்தார். பேச்சுக் குரல் கேட்டது, பிறகு சிரிப்பு. எழுந்து போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பத்தடி தூரம். சொல்லியாகிவிட்டது, குதிரை அவருடையது என்று நினைத்துப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் போனபோது ஆறு வண்டிகளும் ரோட்டில் வரிசையாக நின்றன. ஜமீன்தாரின் மோட்டார் புளியமரத்து நிழலில் நின்றது. கூட்டத்துக்கு மேலாக விருமாண்டி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"வாத்தியாரே! நீங்க சொன்னதை அன்னக்கொடி சொன்னா!"

அவர் சிரித்தார். தெரிந்துதான் ஓட்டுகிறார், ஏதோ வைத்தியம் செய்திருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். நானும் கையைத் தூக்கினேன்.

துவரிமானிலிருந்து வண்டிகள் திரும்பி வரும்போது முதலில் தூசிதான் தெரிந்தது. தூசிக்கு முன்னால் செவலை. அடுத்த வண்டி ஐம்பது அறுபது அடி பின்னால். விருமாண்டி சாட்டையை எடுக்கவே இல்லை. கயிறு அவர் கையில் தொய்ந்து கிடந்தது. அது தானாகவே ஓடியது. கூட்டம் கத்தியது. அன்னக்கொடி தண்ணீர் வாளியோடு எனக்கு முன்னால் நின்றாள்.

எல்லைக்கோடாகக் கயிறு கட்டிய இடத்துக்கு முன்னூறு அடி இருக்கும்போது செவலையின் தலை ஒரு தரம் கீழே போய் மேலே வந்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு தப்படி ஓடிற்று. பிறகு வண்டி ஒரு பக்கமாக இழுத்து நின்றது. மற்ற ஐந்து வண்டிகளும் அதைத் தாண்டிப் போயின.

நாங்கள் ஓடினோம். விருமாண்டி குதித்திறங்கி வாரை அறுத்துக்கொண்டிருந்தார். செவலை மூன்று காலில் நின்றது. இடது முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. அதைத் தரையில் ஊன்றப் பார்த்தது. முடியவில்லை. மறுபடி ஊன்றப் பார்த்தது.

"ஊணாத சாமி, ஊணாத," என்று அன்னக்கொடி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். செவலை மூக்கை அவள் தோளில் வைத்தது. பிறகு அவள் முந்தானையைக் கவ்வியது.

விருமாண்டி என் பக்கம் திரும்பினார். "எண்ணுங்க வாத்தியாரே," என்றார். நான் விரலை வைத்தேன். அவ்வளவு வலியிலும் மூச்சு பத்து நிமிஷத்தில் அடங்கியது. நாலு மாதம் நாங்கள் பழக்கியது அதைத்தான்.

ஜமீன்தாரின் ஆள் துப்பாக்கியோடு வந்தான். மலையாண்டி தங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். விருமாண்டி கடைசிவரை தலைக்கயிற்றை விடவில்லை.

பத்து நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. கிழவிக்குக் கொள்ளு வெந்தது. சுவர் மேல் கிண்ணம் வரவில்லை. பதினோராம் நாள் விருமாண்டி என் கதவைத் தட்டினார்.

"காலேசுக்குப் போவம் வாங்க."

வண்டியில் ஏறினேன். ஆரப்பாளையம் தாண்டும்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு அவரே பேசினார்.

"உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா கேக்கணும்னு இருக்கு. படிச்சவுக நீங்க. மொத நாள் சாயங்காலம் தொட்டுப் பாத்துட்டு, செவலை நல்ல சூட்டுல இருக்குன்னு நீங்கதான சொன்னீக? அன்னக்கொடி வந்து சொன்னா. வாத்தியாரே சொல்லிட்டாகன்னு நானும் மச்சானும் அம்புட்டு சந்தோசப்பட்டோம். இல்லாட்டி காலையில நானே ஒருதரம் கால்ல கை வச்சுப் பாத்திருப்பேன். பாக்காம பூட்டிட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சொன்ன வாக்கியத்தில் ஒரு வார்த்தை வழியில் விழுந்துவிட்டது. கால் என்ற வார்த்தை. மீதியை அவள் தனக்குத் தெரிந்த அர்த்தத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள்.

கிழவி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அது அன்னக்கொடியின் தலையில் விழும்.

"ஆமா. நான்தான் சொன்னேன்," என்றேன்.

அவர் கயிற்றை ஒரு தரம் உதறினார்.

சாயங்காலம் சுவர் மேல் ரசக் கிண்ணம் இருந்தது. அதற்குப் பின்னால் அன்னக்கொடி நின்றுகொண்டிருந்தாள்.

"அவரு உங்கட்டக் கேட்டாராம். நீங்க ஆமான்னீகளாம்."

"ஆமா."

"நீங்க அப்பிடிச் சொல்லலையேய்யா. கால்லன்னு சொன்னீக. எடது முன்னங்கால்லன்னு. எனக்கு இப்பவும் காதுல கேக்குது. அன்னைக்கு அது கேக்கலையே எனக்கு. ஊரே கேட்டுக்கிட்டு இருந்த வார்த்தை. நீங்க சொல்லிட்டீகன்னு ஓடுனேன்."

"நான் அவர்கிட்டயே சொல்லியிருக்கணும். பக்கத்துலதான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

கிண்ணத்தைக் கையில் எடுத்தேன்.

"அவருகிட்ட நான் சொல்லிருறேன்," என்றாள். "உங்க மேல போட்டுட்டு எனக்குச் சோறு எறங்காது."

சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் விருமாண்டியின் குரல் ஒரு முறை உயர்ந்தது. அப்புறம் அவர் கிழவிக்குத் தண்ணீர் காட்டுகிற சத்தம் கேட்டது.

ஆவணியில் ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை எடுக்கும் திருவிழா வந்தது. செவலை பேரில் ஒரு குதிரை வைக்க வேண்டும் என்றாள் அன்னக்கொடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கருத்தக்கண்ணன் வேளாரின் களத்துக்குப் போனோம். அவர் எங்களுக்கென்று வைத்த நாலு கால்கள் தனியாக நின்றன. இடுப்பு உயரம். வைக்கோல் கலந்த மண்.

"திருவிழாவுக்கு எட்டு நாள்தான் இருக்கு. காலு மேல வயித்தை ஏத்திருவீகளா?" என்று கேட்டார் விருமாண்டி.

"மூணு நாளா மழைத் தூத்தல்ப்பா. இந்தத் தடவை முடியாது போலருக்கு. காலு காயாம மேல ஏத்துனா உக்காந்துரும். அவசரம்னா அந்தா நிக்கிது ஒரு குதிரை, வேற ஒரு வீட்டுக்காரக செய்யச் சொல்லிட்டு வேணாம்னுட்டாக. அதை எடுத்துக்கங்க."

விருமாண்டி அந்தக் குதிரையைத் திரும்பிப் பார்த்தார். அன்னக்கொடி பார்க்கவில்லை.

"வேணாம். இது காயட்டும். அடுத்த வருசம் வச்சாலும் சரி," என்றாள்.

"மேல காஞ்ச மாதிரிதான் இருக்கு," என்றார் விருமாண்டி. குனிந்து தொடப் போனவர் கையை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். "நீங்க வச்சுப் பாருங்க."

நான் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு காலாகக் கை வைத்துப் பார்த்தேன். மூன்றில் அன்றைய வெயில் ஏறியிருந்தது. இடது முன்னங்காலில் மட்டும் உள்ளேயிருந்து குளிர் வந்தது. எழுந்து விருமாண்டியின் எதிரில் போய் நின்றேன்.

"இடது முன்னங்கால்," என்றேன். "முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம். ஈரம் இருக்கு. இன்னும் காயலை. இப்ப ஏத்தக் கூடாது."

"சரி," என்றார் அவர்.

அன்னக்கொடி அதை ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இடது முன்னங்கால், முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம். ஒரு வார்த்தையும் விடவில்லை.